துண்டு போட்டு இடம் பிடித்த கே.வி.எம்!

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினோரு மணி. போன் அடித்தது. முன்பு என்னோடு வேலை பார்த்த தம்பி. இப்போது ஒரு நடுத்தரக் கம்பெனியில் சிஸ்டம் அட்மின்.

“ஸார், தூங்கிட்டீங்களா?”

“தூங்கினேன். இப்ப இல்லே. சொல்லுப்பா.”

“லினக்ஸ் சர்வரை அப்க்ரேட் பண்ணேன் ஸார். டெபியன் 12-லேர்ந்து 13-க்கு. எல்லாம் ஜம்முனு முடிஞ்சுது. ஆனா சம்பள மெஷின் மட்டும் எழுந்திருக்க மாட்டேங்குது. நாளைக்கு முப்பதாம் தேதி. நூத்திநாப்பது பேருக்குச் சம்பளம் போடணும்...”

குரல் கம்மியது. கல்யாணமாகி மூன்றே மாதம். அந்த நூற்று நாற்பது பேரில் அவனும் ஒருத்தன்!

‘சம்பள மெஷின்’ என்றால் தனி இரும்புப் பெட்டி அல்ல. பழைய விண்டோஸில் மட்டுமே ஓடும் சம்பள மென்பொருளை, லினக்ஸ் சர்வருக்குள் விர்ச்சுவல் பாக்ஸ் மூலம் ஒரு கற்பனைக் கம்ப்யூட்டரில் குடிவைத்திருந்தார்கள். ஒரு பெரிய வீட்டைத் தடுத்து ஒண்டுக் குடித்தனம் விடுகிறோமே, அதே சமாச்சாரம்தான். ஒவ்வொரு குடித்தனக்காரரும் வீடே தன்னுடையது என்று நம்புவார். ஐ.பி.எம். 1972-லேயே வி.எம்/370 என்ற பெயரில் இந்த வித்தையை விற்றது. நம் மேஜைக் கம்ப்யூட்டர் சில்லுகளுக்கு இன்டெல் 2005-லும் ஏ.எம்.டி. 2006-லும் இதற்கென்றே தனி வசதி வைத்தன.

இந்த மாதிரி நேரத்தில் நம் ஆட்கள் செய்கிற முதல் காரியம் அன்-இன்ஸ்டால். இரண்டாவது ரீ-இன்ஸ்டால். மூன்றாவது, திருப்பதிக்கு வேண்டிக்கொள்வது. பதட்டத்தில் கற்பனை மெஷினையே நீக்கப் போய், ‘எல்லாக் கோப்புகளையும் அழி’ என்ற பட்டனை அமுக்கிவிட்டால், அப்புறம் ஏழுமலையானுக்கும் அது சிரமமான கேஸ்.

“எதையும் அழிக்காதே. திரையிலே என்ன சொல்லுதுன்னு படி.”

“கெர்னல் டிரைவர் இல்லைன்னு சொல்லுது ஸார். மைனஸ் 1908-னு ஒரு நம்பர்.”

நிம்மதியாக இருந்தது. அது ஊரறிந்த நம்பர்.

முதல் முடிச்சு: தையற்காரர் கணக்கு

லினக்ஸின் மையப்பகுதி கெர்னல். விர்ச்சுவல் பாக்ஸ் அதற்குள் தன் டிரைவர் ஒன்றைப் பொருத்தியாக வேண்டும். அந்த டிரைவர் ரெடிமேட் சட்டை அல்ல; ஒவ்வொரு கெர்னலுக்கும் அளவெடுத்துத் தைப்பது. டெபியன் 12-ல் இருந்தது 6.1 கெர்னல். 13-ல் வருவது 6.12. உடம்பு மாறிவிட்டது, சட்டை பழசு!

புதுச் சட்டை தைக்க அளவுச் சீட்டு வேண்டும். அதற்குப் பெயர் கெர்னல் ஹெடர்ஸ். நம் தம்பி பழைய 6.1-க்கான ஹெடரை மட்டும் எப்போதோ போட்டு வைத்திருந்தான். ‘லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64’ என்ற பொதுப் பொட்டலத்தைப் போட்டிருந்தால், கெர்னல் மாறும்போதெல்லாம் அளவுச் சீட்டும் கூடவே வந்திருக்கும். அதைப் போடச் சொன்னேன். பிறகு ரூட்டாக நின்று ‘விபாக்ஸ்கான்ஃபிக்’ கட்டளை. ஐந்து நிமிஷத்தில் சட்டை ரெடி.

(உங்கள் மெஷினில் செக்யூர் பூட் ஆன் ஆகியிருந்தால் இன்னொரு வேலை உண்டு. டிரைவரில் கையெழுத்துப் போட்டு, அந்தச் சாவியை மெஷினில் பதிவு செய்ய வேண்டும். கையெழுத்தில்லாத டிரைவரைக் கெர்னல் வாசலிலேயே நிறுத்திவிடும்.)

“ஸார், 1908 போயிடுச்சு!”

“குட்நைட்.”

“ஆனா வேற ஒண்ணு வந்திருக்கு ஸார்...”

இரண்டாவது முடிச்சு: ஒரே உறையில் இரண்டு கத்தி

புதுச் செய்தியின் சாரம் இது: ‘வி.எம்.எக்ஸ். ரூட் மோடில் இயங்க முடியாது. கே.வி.எம்-மை முடக்கி, கெர்னலைத் திரும்பக் கம்பைல் செய்து, ரீபூட் செய்யவும்.’

“கெர்னலைக் கம்பைல் பண்றதா? விடிஞ்சுடும் ஸார்!”

பிழைச் செய்தி என்பது டாக்டர் அல்ல, நோயாளி. வலிக்கிற இடத்தைச் சரியாகக் காட்டும். ஆனால் அது சொல்லும் மருந்தை அப்படியே சாப்பிட வேண்டியதில்லை. இதில் பயன்படும் வார்த்தை ஒன்றே ஒன்றுதான்: கே.வி.எம்.

அதுவும் குடித்தனம் வைக்கிற மென்பொருள்தான். 2007-ல் 2.6.20 பதிப்போடு லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது.

“நான் அதைத் தொட்டதே இல்லை ஸார்!”

“நீ தொடலே. அதுவா வந்து உட்கார்ந்திருக்கு.”

சில்லில் இருக்கும் அந்தத் தனி வசதியை ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் பிடித்துக்கொள்ள முடியும். முன்பெல்லாம் கே.வி.எம். ரொம்ப மரியாதைக்காரர். தன் மெஷின் ஒன்று கிளம்பும்போதுதான் சீட்டில் உட்காருவார். 2024 நவம்பரில் வந்த 6.12 கெர்னலில் அந்தப் பழக்கம் மாறியது. முதல் மெஷின் கிளம்பும்போது ஏற்படும் தாமதத்தைக் குறைக்க, சர்வர் பூட் ஆகி கே.வி.எம். உள்ளே வந்தவுடனேயே சீட்டைப் பிடித்துக்கொள்கிறார். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டு போடுகிறோமே, அதேதான்! பின்னால் டிக்கெட்டோடு வந்த விர்ச்சுவல் பாக்ஸுக்கு நிற்க இடமில்லை.

துண்டை எடுக்க ஒரே வரி. இன்டெல் சில்லானால் ‘மோட்ப்ரோப் -ஆர் கேவிஎம்_இன்டெல்’. ஏ.எம்.டி. ஆனால் கடைசியில் ‘கேவிஎம்_ஏஎம்டி’. அந்த சர்வரில் கே.வி.எம். மெஷின் எதுவும் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு அடிக்க வேண்டும்.

அடித்தான். நிசப்தம். பிறகு, போனிலேயே எனக்குக் கேட்டது, விண்டோஸ் கிளம்பும் அந்தப் பழைய சங்கீதம். மணி பன்னிரண்டே முக்கால்.

இது அடுத்த ரீபூட் வரைதான் தாங்கும். நிரந்தரமாக வேண்டுமானால், க்ரப் அமைப்புக் கோப்பில் கெர்னலுக்கான வரியில் ‘கேவிஎம்.எனேபிள்_விர்ட்_அட்_லோட்=0’ என்று சேர்த்து, ‘அப்டேட்-க்ரப்’ அடித்து, ரீபூட் செய்ய வேண்டும். கே.வி.எம். மறுபடி பழைய மரியாதைக்காரர் ஆகிவிடுவார்.

அடுத்த அப்க்ரேடுக்கு முன்...

• மாசக் கடைசியில் சர்வர் பக்கமே போகாதீர்கள்.

• கற்பனை மெஷின்களை நிறுத்தி, அவற்றின் டிஸ்க் கோப்புகளை வேறொரு டிஸ்கில் காப்பி எடுங்கள். ஸ்னாப்ஷாட் எடுத்திருக்கிறேன் என்று சமாதானம் சொல்லாதீர்கள். அதே டிஸ்கில் இருக்கும் ஸ்னாப்ஷாட், அந்த டிஸ்க் போனால் கூடவே போகும்.

• பழைய கெர்னலை உடனே துடைக்காதீர்கள். புதுசு மக்கர் பண்ணினால் க்ரப் மெனுவில் பழசைத் தேர்ந்தெடுத்துக் கிளம்பிப் பார்க்கலாம்.

• ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். செய்ததைக் காகிதத்தில் எழுதுங்கள். ராத்திரி ஒரு மணிக்கு ஞாபகசக்தியை நம்பாதீர்கள்.

• ‘ஏன் ஓடவில்லை’ என்று கேட்பதைவிட ‘நேற்றுக்கும் இன்றைக்கும் என்ன மாறியது’ என்று கேளுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கும்.

மறுநாள் சாயந்திரம் தம்பியிடமிருந்து மெசேஜ்: “ஸார், எல்லாருக்கும் சம்பளம் வந்துடுச்சு!”

எனக்கு வரவில்லை. எங்கள் ஆபீஸில் அன்றைக்கு அப்க்ரேட்.