தற்செயலும் இறைச்செயலும்: கம்பம் பள்ளத்தாக்கில் எழும் சில சிந்தனைகள்

எதிர்பாராத சந்திப்பு ஒன்று நிகழும்பொழுது அதனை விளக்கத் தமிழ் மக்கள் இரு பழமொழிகளைக் கையாளுகின்றனர். ‘காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது’ என்பது ஒன்று. ‘கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது’ என்பது மற்றொன்று. ஒருங்கே நேர்ந்தமையாலேயே இரு நிகழ்ச்சிகளிடையே தொடர்பு கற்பித்தல் தவறென முன்னது எச்சரிக்கிறது. தேடியது தானாக எதிரே வந்தமைக்குப் பின்னது மகிழ்கிறது. காலையில் ஒன்றையும் மாலையில் மற்றொன்றையும் ஒரே நாவு கூறக் கேட்கிறோம்.

நம் சபையார் இவ்வினாவை நம்மிடமே கொண்டு வருகின்றனர். “ஐயா, நான் அந்தப் பேருந்தைத் தவறவிட்டதனாலல்லவோ இன்னாரைக் கண்டேன். இது தற்செயலா, ஆண்டவர் செயலா?” என்று ஒருவர் கேட்கிறார். நாம் பெரும்பாலும் “ஆண்டவர் செயலே” என்று விரைந்து விடையளித்துவிடுகிறோம். விடை தவறன்று, ஆனால் விரைவு தவறாகலாம். திருமறையின் துணைகொண்டும், தேனி, கம்பம் பள்ளத்தாக்கின் வரலாற்றை முன்வைத்தும் இதனைச் சிறிது ஆராய்வோம்.

1. திருமறையில் தற்செயல்

கடவுளின் பராமரிப்பை நம்புவோர் ‘தற்செயல்’ என்னும் சொல்லையே நீக்கிவிட வேண்டுமென எண்ணுவதுண்டு. திருமறை அச்சொல்லுக்கு அஞ்சவில்லை. ரூத் 2:3 இல், கதிர் பொறுக்கச் சென்ற ரூத் போவாசின் வயலை அடைந்ததைக் கூறுமிடத்தில் ‘மிக்ரே’ என்னும் எபிரேயச் சொல் வருகிறது. ‘நேர்ந்தது’ என்பதே அதன் பொருள். 1 சாமுவேல் 6:9 இல் பெலிஸ்தர் தங்கள் துன்பம் இஸ்ரவேலின் கடவுளிடமிருந்து வந்ததா, தானாக நேர்ந்ததா எனச் சோதிக்குமிடத்திலும் இதே சொல் உள்ளது. எஸ்தர் நூலில், அரசன் உறக்கமற்றிருந்த ஓர் இரவே நிகழ்ச்சிகளின் போக்கை மாற்றுகிறது. எனினும் எபிரேய மூலத்தில் கடவுளின் பெயர் ஓரிடத்தும் இல்லை.

சீர்திருத்தவாதியாகிய கால்வின் தமது பெருநூலின் முதற்புத்தகத்தில் குருட்டு வாய்ப்பு என்னும் கருத்தை வன்மையாக மறுக்கிறார். ஆயினும், நிகழ்ச்சிகளின் காரணமும் ஒழுங்கும் கடவுளுள் மறைந்திருப்பதால் அவை நமக்குத் தற்செயல் போலவே தோன்றுகின்றன என்பதையும் ஒப்புக்கொள்கிறார். பராமரிப்பை அறிக்கையிடுதல் ஒன்று. அதன் காரணத்தை விளக்க முற்படுதல் வேறொன்று. இவ்வேறுபாட்டை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

ரூத்தின் வரலாற்றில் மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. அவள் அவ்வயலில் கால்வைத்தது நேர்ச்சியாக இருக்கலாம். ஆனால் அங்கே அவளுக்குக் கதிர் கிடைத்தது நேர்ச்சியன்று. வயலின் ஓரத்தை முற்ற அறுக்காது ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிட வேண்டுமென்பது லேவியராகமம் 19 கூறும் கட்டளை. போவாசு அதற்குக் கீழ்ப்படிந்திருந்தான். அவன் வயலைச் சுற்றி ஆளை நிறுத்திக் காவல் செய்திருப்பானாயின் அச்சந்திப்பினால் பயனென்ன?

2. மலையைக் கடந்த நீர்

இக்கண்ணோட்டத்தோடு கம்பம் பள்ளத்தாக்கை நோக்குவோம். லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் நிலத்தில் இருபோக நெல் விளைவது முல்லைப் பெரியாற்று நீரால். மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கும் ஆற்றைத் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியதனால் வந்த நீர் அது.

இந்த எண்ணம் ஒருவர் மனத்தில் ஒருநாள் திடீரெனத் தோன்றியதன்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை இதனை எண்ணினார். 1808இல் ஆய்வு செய்த பொறியாளர் ஜேம்ஸ் கால்டுவெல் இது நடவாத காரியமெனக் கைவிட்டார். 1876–78இல் தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை வாட்டியது. பின்னர் 1882இல் ஜான் பென்னிகுயிக் இப்பணிக்குப் பொறுப்பேற்றார். 1886இல் திருவிதாங்கூரோடு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1887இல் தொடங்கிய பணி, வெள்ளத்தையும் காட்டுக் காய்ச்சலையும் கடந்து 1895இல் நிறைவெய்தியது.

இப்பள்ளத்தாக்கின் வீடுகள் பலவற்றில் பென்னிகுயிக்கின் படம் தெய்வப் படங்களோடு மாட்டப்பட்டுள்ளது. அவர் பிறந்தது 1841 ஜனவரி 15. அது தைப்பொங்கலை ஒட்டி வரும் நாள். அந்நாளில் உழவர் அவருக்குப் பொங்கலிட்டு நன்றி செலுத்துகின்றனர். 2013இல் லோயர்கேம்பில் அவருக்கு நினைவு மண்டபமும் திறக்கப்பட்டது. அவர் பிறந்த நாள் அறுவடைத் திருநாளோடு இணைந்தது காக்கையும் பனம்பழமும் போன்றதே. ஆனால் அந்நாளில் பொங்கும் நன்றி தற்செயலன்று. படைப்பை வழிபடுதலாகாது என்று நாம் போதிப்பது சரியே. எனினும், வாய்க்காலில் வரும் நீருக்குப் பின்னே ஒரு கையைக் காணும் உழவனின் கண் நமக்கும் வேண்டும். குழாய் நீரைப் பருகும் நாமோ, பேருந்து தவறிய நாளில் மட்டுமே கடவுளைத் தேடுகிறோம். அன்றாடம் வருவதில் அவர் கையைக் காணாதவர், அரிதாய் வருவதில் அதனைக் கண்டோமெனக் கூறுவது எவ்வாறு பொருந்தும்?

இந்நன்றிக்கு ஓர் எல்லையும் உண்டு. அணை கட்டும்பொழுது நோயுற்று மாண்ட கூலியாட்கள் பலர் அம்மலையிலேயே புதைக்கப்பட்டனர். இன்றும் மலைக்கு அப்பால் வாழ்வோர் பலர் அவ்வணையைக் குறித்து அஞ்சுகின்றனர். 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீரைத் தேக்க இசைவளித்த பின்னரும் அவ்வச்சம் முற்றும் நீங்கவில்லை. மாண்டவரை மறந்தும், அயலாரின் அச்சத்தை இகழ்ந்தும் செலுத்தப்படும் நன்றி, கடவுளை ஒரு கரையாரின் தெய்வமாகக் குறுக்கிவிடும்.

3. குரங்கணி எழுப்பும் வினா

பராமரிப்பைப் பற்றிப் பேசுவோர் போடிநாயக்கனூருக்கு மேலுள்ள குரங்கணி மலையையும் நோக்க வேண்டும். 2018 மார்ச் 11, தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு. அன்று அங்கு பற்றிய காட்டுத்தீயில் மலையேற்றத்திற்கு வந்தவர்கள் சிக்கி, 23 பேர் உயிரிழந்தனர். இத்தகைய விபத்து நேரும்போதெல்லாம், புறப்பட எண்ணி இறுதியில் தங்கிவிட்ட ஒருவர் “கடவுள் என்னைத் தடுத்துக் காத்தார்” என்பார். அவர் நன்றியை நாம் தடைசெய்ய இயலாது. ஆனால் அதனையே பிரசங்க மேடையில் நாம் கோட்பாடாக்குவோமாயின், இழவு வீட்டில் அமர்ந்துள்ள தாய் “அப்படியாயின் என் பிள்ளையை ஏன் தடுக்கவில்லை?” என்று கேட்பாள். அவளுக்கு நாம் கூறும் விடை யாது?

சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டதை லூக்கா 13 இல் ஆண்டவர் குறிப்பிடுகிறார். மாண்டவர் மற்றவரினும் பாவிகளல்லர் எனத் திட்டமாக மறுக்கிறார். விபத்தின் காரணத்தை விளக்காது, கேட்போரை மனந்திரும்ப அழைக்கிறார். அவர் சொல்லாத விளக்கத்தை அவருடைய ஊழியர் சொல்லத் துணியலாகாது. ‘எல்லாம் தலைவிதி’ என்னும் ஊரார் கூற்றை நீக்கி, அவ்விடத்தில் ‘எல்லாம் தேவசித்தம்’ என்று எழுதிவிடுவது நற்செய்தியாகாது. பழைய விதிக்குப் புதிய பெயரிடுதலே ஆகும்.

அன்று குரங்கணியில் இறைக்கரம் இல்லையா? புகை எழுந்ததைக் கண்டு முதலில் மேலேறியோருள் அம்மலைவாழ் மக்கள் இருந்தனர். முன்பின் அறியாதவர்களைச் சரிவுகளினூடே அவர்கள் தூக்கி வந்தனர். அக்கரத்தைச் சுட்ட வேண்டுமாயின், தீ எவரைத் தொட்டது, எவரைத் தொடவில்லை என்னும் கணக்கில் நாம் தேடமாட்டோம். சுமந்து வந்த தோள்களையே சுட்டுவோம்.

4. பகுத்தறியும் வழி

நற்சமாரியன் உவமையில், அவ்வழியே ஆசாரியன் வந்தது ‘தற்செயலாக’ என்று லூக்கா 10:31 கூறுகிறது. ‘சுங்கூரியா’ என்னும் இக்கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் இல்லை. தற்செயலைக் குறிக்கும் அந்த ஒரே இடத்தில், அது வழிபாட்டுப் பணியாளன் ஒருவனுக்கு நேர்கிறது! காயமுற்றவன் கிடந்த வழி மூவருக்கும் ஒன்றே. ஆசாரியனுக்கும் லேவியனுக்கும் அது கடந்துபோன நேர்ச்சியாயிற்று, சமாரியனுக்கோ அழைப்பாயிற்று. ஒரு சந்திப்பு எவ்வளவு வியப்பானது என்பதைக் காட்டிலும், அது நம்மிடம் என்ன கேட்கிறது என்பதிலேயே இறைக்கரத்தின் அடையாளம் உள்ளது.

ஆகவே ஒரு நிகழ்ச்சியை இறைச்செயலெனக் கூறுமுன் நாம் மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்ளலாம். முதலாவது, நாம் பொறுத்திருந்து கூறுகிறோமா? மோசே கண்டது கடந்து சென்ற கடவுளின் பின்புறத்தையே. யோசேப்பும் பல்லாண்டுகள் கழிந்த பின்னரே தன் சகோதரரிடம் அதனைப் பேசினான். இரண்டாவது, இதனால் இழந்தவர் எவரேனும் உண்டா? அவர் முன்னிலையிலும் இதே சொற்களைக் கூற நமக்கு இயலுமா? மூன்றாவது, இது நம்மை யாரிடம் அனுப்புகிறது?

விடியுமுன் கம்பத்திலும் கூடலூரிலும் போடியிலும் பெண்கள் நெருக்கியடித்து ஜீப்புகளில் ஏறி, இடுக்கி மலைகளின் ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்கின்றனர். அதிகாலை ஆராதனைக்கு விரையும் போதகர் அவர்களைக் கடந்து செல்கிறார். அது நாள்தோறும் நேர்வது, அதில் வியப்பேதுமில்லை. ஒருநாள் அவர்களுள் ஒருத்தி “ஐயா, பிள்ளைக்குக் காய்ச்சல், ஒரு ஜெபம் பண்ணிவிட்டுப் போங்கள்” என்று அழைத்தால், அவர் நிற்பாரா? பிள்ளைக்கு மருந்து கிடைத்ததா என்று மாலையில் அவள் வீட்டுக்குச் சென்று கேட்பாரா?

கும்பிடப் போகும் வழியில் நம் ஆண்டவர் குறுக்கே வருவது பெரும்பாலும் இவ்வாறே. நாம் நிற்போமா என்பதே நம் முன் உள்ள வினா.