கையெழுத்து மாறுவதற்கு முன்

'கையெழுத்து பொருந்தவில்லை' என்று காசோலை திரும்பி வந்த பிறகுதான் பல குடும்பங்களுக்கு உறைக்கிறது. அப்பாவுக்கு டிமென்ஷியா என்று டாக்டர் சொல்லி ஒரு வருடம்கூட ஆகியிருக்கும். எம்.ஆர்.ஐ., இன்னொரு நிபுணர், நடுவே யாரோ சொன்ன வல்லாரை லேகியம் என்று அந்த வருடம் அலைச்சலிலேயே போயிருக்கும். வங்கி, பென்ஷன், சொத்துப் பத்திரம் எதையும் தொட்டிருக்க மாட்டார்கள். அவர் கண்ணெதிரே உயில் பேச்சை எடுப்பதா என்ற கூச்சம்!

கூச்சப்பட நேரமில்லை. ஆரம்பக் கட்டத்தில் நோயாளிக்குத் தன் விருப்பத்தைத் தெளிவாகச் சொல்ல முடியும். அவரைக் கேட்டே முடிவெடுக்கலாம். உயில் எழுதும் நாளில் அவர் தெளிவாக இருந்தார் என்று டாக்டரிடம் ஒரு சான்றிதழ் வாங்கி வைத்தால் பின்னாளில் தகராறு குறையும். 'பவர் எழுதி வாங்கியாச்சு, கவலையில்லை' என்று இருப்பவர்கள் கவனிக்க: எழுதிக் கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரம் முடிந்துவிடும் என்கிறது 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம். அதன்பின் பாதுகாவலராக நியமிக்கக் கோரி உயர் நீதிமன்றம்வரை போக வேண்டிவரும். இருவரில் யார் கையெழுத்திட்டாலும் செல்லும்படியான கூட்டுக் கணக்கை முன்கூட்டியே தொடங்குவது இதைவிட எவ்வளவோ சுலபம்.

இது ஏதோ சில வீடுகளின் பிரச்சினை அல்ல. 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023-ல் வெளியான, முதியோரிடம் நடத்தப்பட்ட லாசி-டாட் ஆய்வு மதிப்பிட்டது. பெண்களிடமும் கிராமங்களிலும் பாதிப்பு அதிகம்.

மறதியெல்லாம் டிமென்ஷியா ஆகிவிடாது என்பதும் உண்மை. பி12 குறைபாடு, தைராய்டு, மனச்சோர்வு, கீழே விழுந்ததில் மூளையைச் சுற்றி உறைந்த ரத்தம், சில மாத்திரைகள் எனச் சரிசெய்யக்கூடிய காரணங்களும் உண்டு. அதனால் முதல் முறை போகும்போதே சாப்பிடும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் பையில் போட்டு எடுத்துப் போவது நல்லது. டோனெபெசில் போன்ற மருந்துகள் சிலருக்கு அறிகுறிகளைக் கொஞ்ச காலம் மட்டுப்படுத்தும், நோயைப் போக்காது.

எங்கே போவது? சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கான தனிப் பிரிவை டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978-லேயே தொடங்கிவிட்டார். கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டது. டாக்டர் சாரதா மேனன் 1984-ல் நிறுவிய மனநல அமைப்பான ஸ்கார்ஃப், டிமென்ஷியாவுக்கென்றே 'டெம்கேர்ஸ்' என்ற பிரிவை நடத்துகிறது. சென்னைக்கு வர முடியாதவர்கள் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களைப் பார்க்கலாம். ஆனால், 'மனநலப் பிரிவு' என்ற பலகையைப் பார்த்ததும் திரும்பிவிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மாத்திரையைவிட அதிகம் தேவைப்படுவது பராமரிப்பவருக்கான பயிற்சி. சாயங்காலமானால் பெரியவர் செருப்பைத் தேடுவார். "வீட்டுக்குப் போகணும்" என்பார். நிற்பதோ சொந்த வீட்டில். "இதுதான்ப்பா நம்ம வீடு" என்று மகள் விளக்க விளக்கக் குரல் ஏறும். "காபி குடிச்சிட்டுப் போலாம்ப்பா" என்றால் உட்கார்ந்துவிடுவார். வாதாடாமல் பேச்சைத் திருப்பும் இந்த வித்தை ஒரே நாளில் வந்துவிடாது. 1992-ல் கேரளத்தின் குன்னம்குளத்தில் தொடங்கிய, டிமென்ஷியாவுக்கான ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. அமைப்பு போன்றவை பராமரிப்பவர்களை ஒன்றுகூட்டிப் பேச வைப்பது இதற்காகத்தான். சட்டைப் பையில் பெயரும் போன் நம்பரும் எழுதிய அட்டை, வாசல் கதவில் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போன்ற யோசனைகள் அங்கேதான் கைமாறுகின்றன. தாழ்ப்பாள் போட்டுவிட்டு அவரைத் தனியே விட்டுப் போகக் கூடாது என்பதும்தான்.

போனில் உதவி கேட்க இரண்டு எண்கள்: முதியோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸின் 14416. இரண்டும் இலவசம். மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டத்தில் 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பின்றி ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை சிகிச்சைக் காப்பீடு உண்டு. ஆனால் அது மருத்துவமனையில் சேர்ந்தால்தான். இந்த நோயில் பணம் கரைவது வீட்டில்; பகல் முழுக்க உடனிருக்கும் ஆளுக்கான சம்பளத்தில். அதை இந்தக் காப்பீடு தராது. பெரும்பாலான வீடுகளில் மனைவியோ மகளோ மருமகளோ வேலையை விட்டு அந்தச் செலவை ஈடுகட்டுகிறார். வட்டாரத்துக்கு ஒரு பகல்நேரப் பராமரிப்பு மையம் இருந்தால் அவர் வேலையை விட வேண்டியிருக்காது.