கால் வைக்காமலே கலர் மாறும்!

ஒரு தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் உப்பு, நடுவில் ஒரு சின்ன உலோக உருளை. காலை உள்ளே வைத்து உட்கார்ந்தால், சுவிட்சைத் தட்டிய சில நிமிடங்களில் ஆரம்பிக்கிறது வேடிக்கை! தெளிந்த தண்ணீர் முதலில் லேசாக மஞ்சளாகிறது, அப்புறம் பச்சை ஓடுகிறது, ஆரஞ்சு படர்கிறது, அரை மணி நேரத்தில் காப்பி டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்து நிற்கிறது. உடம்பின் நச்சைக் கால் வழியாக வெளியேற்றுவதாகச் சொல்லப்படும் ‘அயானிக் டீடாக்ஸ்’ கால் குளியல் என்பது இதுதான்.

விளக்கம் சொல்ல ஓர் அட்டவணையும் தயாராக இருக்கும். ஆரஞ்சா? மூட்டிலிருந்து வந்த நச்சு. கரும்பச்சையா? பித்தப்பை. கறுப்பா? கல்லீரல். வெள்ளை நுரையா? நிணநீர்.

வாங்க, அந்த உருளைக்குள்ளேயே எட்டிப் பார்த்துவிடலாம்!

உள்ளே இருப்பது இரும்போ எஃகோ கொண்ட இரண்டு தகடுகள். ஒன்று பாசிட்டிவ், இன்னொன்று நெகட்டிவ். உப்புத் தண்ணீர் வழியாக நேர்மின்சாரம் பாய்ந்ததும், நெகட்டிவ் பக்கம் பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பும், அது ஹைட்ரஜன். பாசிட்டிவ் பக்கத்தில் தகடே கரையத் தொடங்கும். கரைந்த இரும்பு தண்ணீரில் பச்சை படர்த்தும். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் அதே பச்சை ஆரஞ்சும் பழுப்புமாக மாறும். அதாவது, துரு! மிதக்கும் கறுப்புத் துணுக்குகளும் இரும்பு ஆக்சைடுதான். சில சமயம் நீச்சல் குளத்து வாசனை வருகிறதே, அது உப்பிலிருந்து பிரிந்த குளோரின். நுரையோ, குமிழிகளும் காலிலிருந்த எண்ணெய்ப் பசையும் சோப்பு மிச்சமும் சேர்ந்து செய்த வேலை.

இத்தனை நிறத்துக்கு எவ்வளவு இரும்பு வேண்டும்? 1834-ல் மைக்கேல் ஃபாரடே வெளியிட்ட விதியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது: 2 ஆம்பியர் மின்சாரம் 30 நிமிடம் ஓடினால் கரைவது ஏறக்குறைய 1 கிராம் இரும்பு. ஒரு தொட்டித் தண்ணீரைப் பழுப்பாக்க அதுவே தாராளம்!

“ஆளுக்கு ஆள் நிறம் மாறுகிறதே?” என்று கேட்பீர்கள். போட்ட உப்பின் அளவு, ஊர்த் தண்ணீரின் கடினத்தன்மை, தகட்டின் வயது, கால் வியர்வையின் உப்பு எல்லாம் மின்சாரத்தைக் கூட்டும், குறைக்கும். நிறமும் அதற்கேற்ப மாறும்.

இந்த நிற ரகசியத்தை அழகாகப் போட்டு உடைத்தவர் பிரிட்டிஷ் மருத்துவர் பென் கோல்டேக்கர். 2004-ல் ‘தி கார்டியன்’ நாளிதழில் அவர் எழுதிய சோதனைக்கு உபயோகித்தவை இரண்டு ஆணி, உப்புத் தண்ணீர், கார் பேட்டரி சார்ஜர், கூடவே ஒரு பார்பி பொம்மை! பொம்மையின் கால் பட்ட தண்ணீரும் பழுப்பாகிவிட்டது. ஒரு ஸ்பாவின் தண்ணீரையும் ஆய்வகத்துக்கு அனுப்பினார். இயந்திரம் ஓடுவதற்கு முன் லிட்டருக்கு 0.54 மில்லிகிராமாக இருந்த இரும்பு, ஓடிய பின் 23.6 மில்லிகிராம்! சிறுநீரகம் வெளியேற்றும் யூரியாவும் கிரியாட்டினினும் அதில் தென்படவே இல்லை.

2012-ல் கனடாவின் இயற்கை மருத்துவ ஆய்வாளர்களும் சோதித்தார்கள். கால் வழியாகவோ சிறுநீர் வழியாகவோ நச்சு உலோகங்கள் வெளியேற இந்தக் குளியல் உதவுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதே அவர்கள் முடிவு.

வெந்நீரில் கால் ஊறுவது சுகமான விஷயம், தாராளமாக அனுபவியுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மட்டும் இந்த இயந்திரத்தின் பக்கம் போக வேண்டாம். கல்லீரலைப் பற்றியோ சிறுநீரகத்தைப் பற்றியோ கவலை இருந்தால் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். யாராவது தண்ணீரின் நிறத்தைக் காட்டி உங்கள் உடம்புக்கு ஜாதகம் சொன்னால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “யாரும் கால் வைக்காமல் அரை மணி நேரம் ஓட விடுங்களேன், பார்ப்போம்!”