ஒரே தூண்டில், மூணு தண்ணி: கெண்டை ஏன் எல்லா இடத்துலயும் கடிக்க மாட்டேங்குது?

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு தம்பி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். "அண்ணா, எங்க ஊர்க் குளத்துல மாவு உருண்டைக்கே கெண்டை மாட்டுது. அதே கோல், அதே மாவு எடுத்துக்கிட்டு அணைக்குப் போனா நாள் முழுக்க உக்காந்தும் ஒண்ணும் இல்ல. மாவுல வேற ஏதாச்சும் கலக்கணுமா?"

இதைக் கேட்டதும் எனக்கு ஆபீஸ் ஞாபகம் வந்துடுச்சு. "என் லேப்டாப்ல ஓடுச்சே, சர்வர்ல ஏன் ஓடல?"ன்னு தினமும் யாராவது கேட்பாங்க. பெரும்பாலும் கோடு சரியாத்தான் இருக்கும். அது ஓடுற இடம்தான் வேற. இங்கயும் அதே கதைதான். மாவுல தப்பு இல்ல தம்பி, தண்ணி வேற. அதனால இன்னிக்கு குளம், அணை, ஆறு மூணையும் தனித்தனியா பார்ப்போம்.

முதல்ல மீனோட வாயைப் பாருங்க

கெண்டைன்னு நாம பொதுவா ஒரே பேர் சொல்றோம். ஜிலேபிக் கெண்டையையும் அதுலதான் சேர்க்கிறோம். ஆனா ஜிலேபி கெண்டைக் குடும்பமே இல்ல. அது ஆப்பிரிக்காவில இருந்து வந்த திலாப்பியா. நம்ம குளங்கள்ல வளர்க்கிற முக்கியமான கெண்டைகள் கட்லா, ரோகு, மிர்கால், அப்புறம் சாதாக் கெண்டை.

இதுங்க எங்க சாப்பிடும்னு வாயே சொல்லிடும். கட்லாவுக்கு வாய் மேல்நோக்கித் திறக்கும், அதனால மேல்தண்ணியில மேயும். ரோகுவுக்குக் கீழுதடு ஓரத்துல ஜரிகை மாதிரி இருக்கும். அது பெரும்பாலும் நடுத்தண்ணி மீன். மிர்கால் அடியில மேயும். சாதாக் கெண்டையும் அடிதான். வாயோரத்துல ரெண்டு ஜோடி மீசை வச்சிக்கிட்டு சேத்தைக் கிண்டித் தின்னும்.

கட்லா இருக்கிற இடத்துல ஈயம் கட்டி அடியில இரையைப் போட்டா, மாவு எவ்வளவு நல்லா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல. தக்கையை நகர்த்தி ஒரு அடி, ரெண்டு அடி ஆழத்துல தொங்க விடணும். மிர்காலுக்கு அதே இரை தரையில கிடக்கணும்.

இன்னொரு விஷயம். கெண்டைக்கு இரைப்பையே கிடையாது. தாடையில பல்லும் இல்ல, தொண்டைக்குள்ளதான் பல். அதனால நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா மேயும். இரையை உறிஞ்சிப் பார்த்து, சரியில்லன்னா துப்பிடும். விரால் மாதிரி ஒரே கவ்வு கவ்வாது. தக்கை லேசா ஆடி நின்னுடுச்சுன்னா, பல நேரம் மீன் துப்பிட்டுப் போயிருக்கும்.

குளம்

குளத்துல மாவு ஏன் உடனே எடுபடுது? மீன் வளர்க்கிற குளங்கள்ல தவிடும் கடலைப்புண்ணாக்கும்தான் வழக்கமான தீவனம். அந்த வாசனை மீனுக்குப் பழகிப்போச்சு. உங்க மாவு உருண்டை அதுக்கு வீட்டுச் சாப்பாடு மாதிரி.

குளத்துல நேரமும் முக்கியம். பச்சைப் பசேல்னு பாசி இருக்கிற தண்ணியில, பகல்ல பாசி ஆக்சிஜன் உண்டாக்கும். ராத்திரி வெளிச்சம் இல்ல, அப்போ பாசியும் சேர்ந்து ஆக்சிஜனை இழுக்கும். அதனால விடியறதுக்கு முன்னாடிதான் ஆக்சிஜன் ரொம்பக் குறைவு. மீன் மேல வந்து வாயைப் பிளக்கிறதைப் பார்த்துட்டு "ஆஹா, நல்ல பசி"ன்னு நினைப்போம். அது பசி இல்ல, மூச்சுத் திணறல். வெயில் ஏறி ஒண்ணு ரெண்டு மணி நேரம் கழிச்சுப் போடுங்க.

இங்க என் கதை ஒண்ணு சொல்லணும். காலேஜ் லீவுல மாமா ஊருக்குப் போயிருந்தேன். யாரையும் கேக்காம ஏரியில தூண்டில் போட்டு, ரெண்டு கிலோ இருக்கும், ஒரு கட்லா பிடிச்சேன். போட்டோ எடுத்துக்கிட்டு இருக்கும்போது குத்தகைக்காரர் சைக்கிள்ல வந்துட்டார். திட்டுவார்னு நினைச்சேன். அவர் பக்கத்துல உக்காந்து, "ஏனுங்க தம்பி, இது இந்த ஏரியிலயே பொறந்த மீனுன்னு நெனச்சீங்களா?"ன்னு கேட்டார். ஆமான்னேன். சட்டைப் பையில இருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் காட்டினார். குஞ்சு வாங்கின கணக்கு, புண்ணாக்குக் கணக்கு, வட்டிக் கணக்கு. எனக்குத் தலை நிமிரல. மீனுக்குக் காசு நீட்டினேன். அவர் வாங்கல. "அடுத்த தடவ கேட்டுட்டுப் போடுங்க"ன்னார். அவ்ளோதான்.

அன்னிக்கு ராத்திரி உக்காந்து படிச்சேன். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. கட்லா, ரோகு, மிர்கால் மூணும் வடக்கே கங்கைப் பக்கத்து மீன்கள். மழைக்காலத்துல வெள்ளம் ஓடுற ஆத்துலதான் முட்டை போடும். தேங்கின குளத்துல வளரும், ஆனா இனப்பெருக்கம் பண்ணாது. ஒருகாலத்துல குஞ்சு வேணும்னா ஆத்துலதான் அரிச்சு எடுக்கணும். 1957 ஜூலை 10ஆம் தேதி, ஒடிசாவில ஹிராலால் சௌத்ரியும் அவரோட குழுவும் பிட்யூட்டரி சுரப்பிச் சாறை ஊசி மூலமா செலுத்தி, கெண்டையைக் குளத்துலயே முட்டையிட வச்சாங்க. அதனாலதான் ஜூலை 10 தேசிய மீன் விவசாயிகள் தினம். இன்னிக்குக் குளத்துல விடுற குஞ்சுகளுக்குப் பின்னாடி இருக்கிற வேலை அதுதான்.

சாதாக் கெண்டை மட்டும் இதுல விதிவிலக்கு. 1939ல இலங்கையில இருந்து நீலகிரிக்குக் கொண்டுவந்த வெளிநாட்டு மீன் அது. தேங்கின தண்ணியிலயே செடிகள்ல முட்டையை ஒட்டி வச்சுப் பெருகிடும். மத்தபடி, குளத்துல நீங்க தூக்குற ஒவ்வொரு கட்லாவும் யாரோ ஒருத்தர் காசு போட்டு விட்ட மீன்.

அணை

இப்போ தம்பியோட கேள்விக்கு வருவோம். பவானிசாகர், மேட்டூர் மாதிரி அணையில யாரும் தினமும் தவிடு போடுறதில்ல. மீன் அங்க நுண்ணுயிர், பூச்சி, அழுகின இலைதழைன்னு கிடைக்கிறதைத் தின்னு வளருது. உங்க மாவு அதுக்குப் புதுசு. அதோட, குளத்துல மீன் உங்களைச் சுத்தியே இருக்கும். அணையில நீங்கதான் மீனைத் தேடணும்.

ரெண்டு அடையாளம் சொல்றேன். ஒண்ணு, காத்து. காத்து எந்தக் கரையில மோதுதோ, மேல்தண்ணியில மிதக்கிற நுண்ணுயிர் அந்தப் பக்கம் ஒதுங்கும். கட்லா அது பின்னாடியே வரும். ரெண்டு, நீர்மட்டம். தண்ணி ஏறி, காஞ்சு கிடந்த புல்தரை புதுசா முங்கும்போது புழு பூச்சி நிறைய கிடைக்கும். மீன் ஓரத்துக்கு மேய வரும். தண்ணி இறங்கும்போது ஆழத்துக்குப் போயிடும். அங்க மாவை விட மண்புழுவை முதல்ல போட்டுப் பாருங்க. ஒரே இடத்துல கொஞ்சம் கொஞ்சமா இரை தூவிட்டுப் பொறுமையா இருங்க.

அணைக்கும் உரிமைக்காரங்க உண்டு. மீன்வளத் துறை, மீன் வளர்ச்சிக் கழகம், கூட்டுறவு சங்கம்னு இடத்துக்கு இடம் மாறும். அங்க பரிசல் ஓட்டி வலை போடுறவங்களுக்கு அது பொழப்பு. தூண்டில் போட அனுமதி உண்டான்னு அங்கயே விசாரிச்சுட்டுப் போங்க.

ஆறு

ஆத்துல மீன் சும்மா நிக்கிறதுக்கே சக்தி செலவழிக்கணும். அதனால பாறைக்குப் பின்னாடி, சுழல் ஓரம், வேகத்தண்ணியும் மெதுதண்ணியும் சேர்ற கோடு, இங்கதான் நிக்கும். தண்ணி இரையைக் கொண்டுவந்து கொடுக்கும். தக்கை இழுத்துக்கிட்டுப் போயிடும். அதனால ஈயம் கூட்டி, மாவைக் கெட்டியாப் பிசையணும்.

காவிரி, பவானி, மாயாறு பக்கம் போறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். முதுகுல திமில், செம்மஞ்சள் துடுப்போட ஒரு மீன் மாட்டினா அது திமில் மஹ்சீர். கெண்டைக் குடும்பத்தோட பெரியவர். காவிரி ஆத்துப் படுகையைத் தவிர உலகத்துல வேற எங்கயும் கிடையாது. 2018ல மிக ஆபத்தான நிலையில இருக்கிற இனம்னு சர்வதேச சிவப்புப் பட்டியல்ல சேர்த்தாங்க. கையை நனைச்சுட்டு, தண்ணியிலயே வச்சு முள்ளைக் கழட்டி விட்டுடுங்க. போட்டோவுக்காகக் கரைக்குத் தூக்க வேண்டாம்.

அப்புறம், மணல் அள்ளின குழி மேல இருந்து பார்த்தா தெரியாது. அணையில தண்ணி திறந்தா மட்டம் திடீர்னு ஏறும். தனியா இறங்காதீங்க.

சுருக்கமா சொன்னா

அடுத்த தடவை மாவு பிசையறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. இந்த மீன் எந்த ஆழத்துல மேயும்? இந்தத் தண்ணியில அதுக்கு இரை எங்க இருந்து வருது? இந்த மீன் யாரோடது? முதல் ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சா மீன் மாட்டும். மூணாவதுக்கும் தெரிஞ்சாதான் நிம்மதியா வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியும்.

அந்த ஏரிக்கு இப்பவும் போறேன். கேட்டுட்டுத்தான் போடுறேன். அடுத்த எபிசோடுல பார்ப்போம்.