காலையில் கறந்துவிட்டுக் கிளம்பினால், மாலைக் கறவைக்குத் திரும்பிவிடலாம்!

சென்ற ஆண்டு குறுவை அறுவடை முடிந்த சமயம். மன்னார்குடி பக்கத்துக் கிராமம் ஒன்றில் விதை நேர்த்தி பற்றிப் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தேன். முடிவில் வழக்கம்போல, "கேள்வி இருந்தா கேளுங்க" என்றேன். யூரியா, பயிர்க் காப்பீடு, கூட்டுறவுக் கடன் என்று நாலைந்து கேள்விகள் வந்தன. பின்வரிசையில் இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண், "சார், இது விவசாயக் கேள்வி இல்ல. கேக்கலாமா?" என்றார்.

"கேளுங்கம்மா."

"லீவு முடிஞ்சு ஸ்கூலுக்குப் போனா, லீவுல எங்க போனீங்கன்னு எழுதச் சொல்றாங்க. எம் பொண்ணு 'எங்கயும் போகல'ன்னு ஒரு வரி எழுதிட்டு வந்துட்டா. ரெண்டு கறவ மாட்ட வச்சுக்கிட்டு நாங்க எங்க சார் போறது?"

கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்டுணர்வு சுற்றுலா என்று எத்தனையோ முறை விவசாயிகளை வேன் பிடித்து அழைத்துப் போயிருக்கிறேன். என் சொந்தப் பிள்ளைகளை அழைத்துப் போனது ஒரே ஒரு முறைதான். அதுவும் சரியாக முடியவில்லை. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். அந்தப் பெண்ணுக்கு அன்று அவசரமாக ஏதோ பதில் சொன்னேன். யோசித்துச் சொல்லியிருக்க வேண்டிய பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் எப்போது போவது என்பது. நம் பயிர்க் காலமும் பள்ளி விடுமுறையும் எப்போதும் இடக்குதான். காலாண்டு விடுமுறையில் குறுவை அறுப்பும் சம்பா நடவும் கழுத்தைப் பிடிக்கும். கோடை விடுமுறையில் நமக்கு ஓய்வு உண்டு, ஆனால் ஆற்றில் மணல்தான் இருக்கும். என் கணக்கில் டெல்டா குடும்பத்துக்கு ஏற்றது அரையாண்டு விடுமுறை. டிசம்பர் கடைசியில் சம்பா பெரும்பாலும் பூட்டை, பூ, பால் என்ற நிலைகளில் நிற்கும். களை எடுத்து, மேலுரமும் போட்டாகிவிட்டது. மழை இல்லாத ஒரு நாள் பார்த்துக் கிளம்பினால் குடி முழுகிவிடாது. காணும் பொங்கலன்று மட்டும் வேண்டாம். அன்று சின்னப் பிள்ளைகள் பார்ப்பது பெரியவர்களின் முதுகைத்தான்.

அந்த விடுமுறையில் போக வேண்டிய இடம் வடுவூர் ஏரி. தஞ்சாவூர் - மன்னார்குடி சாலையில் வடுவூரில் இறங்கினால் ஏரி பக்கம்தான். பாசனத்துக்காக உண்டான ஏரி இது. 1999-ல் பறவைகள் சரணாலயமானது, 2022-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல் அது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்ததும் பறவைகள் வந்து இறங்கும். நடுப்பகலில் போகாதீர்கள். காலை வெயில் ஏறுமுன் பாருங்கள், இல்லாவிட்டால் மூன்று மணிக்கு மேல், இரை தேடிப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும்போது பாருங்கள். பிந்தைய நேரத்தை எடுத்துக்கொண்டால் மாலைக் கறவைக்குப் பக்கத்து வீட்டில் சொல்லிவைக்க வேண்டியிருக்கும்.

பறவையின் ஆங்கிலப் பெயர் தெரிய வேண்டியதில்லை. வாயைப் பாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னால் போதும். கரண்டி மாதிரி அலகு தட்டையாக இருந்தால் கரண்டிவாயன். கதிர் அரிவாள் மாதிரி வளைந்திருந்தால் அரிவாள் மூக்கன். மேல் அலகும் கீழ் அலகும் நடுவில் ஒட்டாமல் சந்து விட்டிருந்தால் நத்தைகுத்தி நாரை. இந்த நாரையை நம் வயலிலேயே தினமும் பார்க்கிறோம். நடவு வயலில் நத்தையைக் குத்தி, ஓட்டுக்குள் இருக்கும் சதையை உருவித் தின்பது இதுதான். நீர்க்காகம் மரத்தில் இரண்டு இறக்கையையும் விரித்துக்கொண்டு நிற்கும். அதன் இறகு தண்ணீரில் நனைந்துவிடும், அதனால் காயவைக்கிறது. போன டிசம்பரில் என் பேரனைக் கூட்டிப் போனேன். நீர்க்காகத்தைப் பார்த்துவிட்டு, "தாத்தா, அதுவும் துணி காயப்போடுதா?" என்றான். நான் அரைமணி நேரம் விளக்கியதைவிட அது தெளிவாக இருந்தது!

ஏரிக்கரையில் கத்தக்கூடாது, கல் எறியக்கூடாது. கொண்டுபோகும் பிளாஸ்டிக் பையைத் திரும்ப எடுத்து வந்துவிட வேண்டும்.

அடுத்தது கல்லணை. இதற்கு அரையாண்டு விடுமுறையைவிட ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை பொருத்தம். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால், மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்துசேரும். சில ஆண்டுகளில் தேதி முன்னே பின்னே ஆகும், செய்தி பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். கல்லணையில் ஷட்டரைத் தூக்கும் அன்று பூவும் நெல்லும் தூவி வணங்குவார்கள். அதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். அன்று கூட்டம் அதிகம், கைக்குழந்தை இருந்தால் அடுத்த ஞாயிறு போவது மேல்.

கல்லணைக்குப் போகும் பல குடும்பங்கள் பூங்காவில் ஊஞ்சல் ஆடி, மீன் வறுவல் சாப்பிட்டு, கரிகாலன் மணிமண்டபத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றன. எல்லாம் சரிதான். ஆனால், விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு அங்கே காட்ட வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. அங்கே தண்ணீர் நான்காகப் பிரிகிறது. காவிரி கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் போகிறது. வெண்ணாறு மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கம் வருகிறது. புது ஆறு என்று நாம் சொல்லும் கல்லணைக் கால்வாய் பட்டுக்கோட்டைப் பக்கம் ஓடுகிறது. இந்தக் கால்வாய் மேட்டூர் அணையோடு சேர்ந்த திட்டம், 1934-ல் பாசனத்துக்கு வந்தது. நான்காவது கொள்ளிடம், வெள்ளம் வந்தால் வடிய. கொள்ளிடம் காவிரியைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. தடுக்காமல் விட்டால் தண்ணீர் அங்கே இறங்கிக் கடலுக்குப் போய்விடும், நம் வயல்கள் காயும். அதைத் தடுக்கத்தான் கரிகாலன் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் மணல் மேல் கல்லைப் போட்டுக் கட்டினான் என்று சொல்கிறோம். பாலத்தில் நடந்துபோய், உங்கள் ஊருக்கு வரும் தண்ணீர் எந்த ஷட்டர் வழியாகப் போகிறதோ அதன்மேல் நின்று, "நம்ம வயலுக்கு வர்ற தண்ணி இதுதான்" என்று காட்டுங்கள். எட்டு வயதில் என் அப்பா வெண்ணாற்றுத் தலைப்பில் என்னை நிறுத்தி அப்படிக் காட்டினார். அவர் என்னைக் கூட்டிப் போன ஒரே வெளியூர்ப் பயணம் அது. நான் வேளாண்மை படித்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இப்போது நான் ஒத்திவைத்த கதை. என் மகளுக்கு அப்போது நான்கு வயது. அலுவல் வேலையாகக் கல்லணைப் பக்கம் போனபோது, அவளையும் அண்ணனையும் உடன் கூட்டிப் போனேன். ஒரு படித்துறையில் நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தேன். பாசி படிந்த படியில் கால் வைத்தவள், சத்தமே இல்லாமல் வழுக்கி இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிவிட்டாள். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா சட்டையைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார். நான் இரண்டு கஜ தூரத்தில்தான் நின்றேன், பார்க்கவில்லை. அந்தப் பயத்தில் அதன்பிறகு பிள்ளைகளை எங்கும் கூட்டிப் போகவே இல்லை. வேலை, வேலை என்று காரணம் சொல்லிக்கொண்டேன். இப்போது அவள் ஓசூரில் இருக்கிறாள். "எங்களை எங்கயும் கூட்டிட்டுப் போனதே இல்லையேப்பா" என்று சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

நான் செய்திருக்க வேண்டியது வீட்டோடு கிடப்பது இல்லை. கவனமாகக் கூட்டிப் போயிருக்க வேண்டும். தண்ணீர் இருக்கும் இடத்தில் ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர். கை நீட்டினால் தொடும் தூரத்தில்தான் குழந்தை இருக்க வேண்டும். அந்தப் பெரியவர் அந்த நேரத்தில் போனைத் தொடக்கூடாது. ஷட்டருக்குக் கீழே அமைதியாகத் தெரியும் தண்ணீரிலும் சுழல் உண்டு. அங்கே குளிக்கவோ கால் நனைக்கவோ வேண்டாம். திடீரென்று திறப்பை அதிகப்படுத்துவார்கள். கொள்ளிடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர்தானே என்று நடந்தால், மணல் அள்ளிய பள்ளம் ஆளை விழுங்கும். தண்ணீரில் தவறி விழும் குழந்தை சினிமாவில் வருவதுபோலக் கத்தாது. சத்தம் வந்த பிறகு திரும்பிப் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

திருச்சிப் பக்கம் போகிறவர்களுக்கு ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. 2015-ல் திறந்தது. தண்ணீர் பயம் அதிகம் இல்லாமல் பிள்ளைகள் ஓடியாடலாம். ஆனால், அதில் பாதியை வீட்டுக் கொல்லையிலேயே காட்டலாம் என்பது என் கட்சி. கறிவேப்பிலைச் செடியில், எலுமிச்சைக் கன்றில் பறவை எச்சம் மாதிரி ஒரு சிறு புழு ஒட்டிக்கொண்டிருக்கும். வளர்ந்ததும் பச்சையாகிவிடும். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் கொம்பு போல் ஒன்றை நீட்டி, ஒரு வாடையும் விடும். அதை மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலில் விட்டு, ஒரு குச்சியும் வைத்து, தினமும் புது இலை போடச் சொல்லுங்கள். கூட்டுப்புழுவாகி, சில நாட்களில் கறுப்பும் மஞ்சளுமாக வண்ணத்துப்பூச்சி வெளியே வரும். நாம் மருந்தடிக்கும் பூச்சிதான் அது என்று அப்போது சொன்னால் பிள்ளை நம்மை ஒரு பார்வை பார்க்கும். அதைச் சமாளிப்பது உங்கள் சாமர்த்தியம்!

காசே செலவில்லாத இன்னொரு உலாவும் உண்டு. உங்கள் வயல் மடையிலிருந்து வாய்க்கால் கரையோடு மதகு வரைக்கும் பிள்ளைகளோடு நடங்கள். கல்லணை பார்த்த பிள்ளைக்கு இது அதன் மறுபாதி. போகும் வழியில் யார் யார் வயல், எங்கே அடைப்பு, எங்கே ஆகாயத்தாமரை என்று எல்லாம் தெரிந்துவிடும். அந்த நடைக்குச் செருப்பு போட்டுவிட மறக்காதீர்கள், கரையில் கண்ணாடி பாட்டில் கிடக்கிறது.

இனி அந்த மாடு. காலை ஐந்து மணிக்குக் கறந்து, பாலை சொசைட்டியில் ஊற்றி, ஒரு நாளைக்கு வேண்டிய வைக்கோலையும் தொட்டித் தண்ணீரையும் வைத்துவிட்டால், ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கலாம். நண்பகல் தண்ணீர் காட்ட மட்டும் பக்கத்து வீட்டில் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு அவர்கள் போகும்போது நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றாள் வைத்து நடவு நட்ட ஊர்கள்தானே நம்முடையவை? அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சாப்பாட்டுக்குப் புளிசாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி போதும். தயிர்சாதத்தில் பாலை நிறைய ஊற்றி ஒரு கரண்டி தயிர் விட்டுக் கிளறினால், மதியத்துக்குப் புளிக்காமல் இருக்கும். தண்ணீர் கொண்டுபோகும் கேனைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பூச்சிமருந்து கேனை நன்றாகக் கழுவிவிட்டோம் என்று அதில் குடிதண்ணீர் கொண்டுவந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எத்தனை முறை கழுவினாலும் அது மருந்து கேன்தான். குழந்தைக்கு அதில் தண்ணீர் கொடுக்காதீர்கள்.

அந்தப் பெண்ணை இந்த ஆண்டு அதே ஊரில் மறுபடி பார்த்தேன். அரையாண்டு விடுமுறையில் வடுவூருக்குப் போய் வந்தார்களாம். மகள் நோட்டில் ஒன்றரைப் பக்கம் எழுதியதாகச் சொன்னார். "மாடு என்ன ஆச்சும்மா?" என்று கேட்டேன்.

"திரும்பி வர ஏழு மணி ஆயிட்டு சார். பக்கத்து வீட்டு அக்காதான் கறந்தாங்க. கை மாறுனதுல அன்னிக்கு அர லிட்டரு கொறச்சிக் குடுத்துச்சு. மறுநாள் சரியாப் போச்சு."