தலைச்சுமையிலிருந்து கிரேன் வரை

ஜார்க்கண்ட் மாநிலத்தில் சுவர்ணரேகை, கர்காய் என்னும் ஆறுகள் கூடுமிடத்தில் ஜாம்ஷெட்பூர் அமைந்துள்ளது. அங்குள்ள டாட்டா ஆலை 1912ஆம் ஆண்டில் முதன்முதலாக எஃகை வார்த்தது. தொடக்கக் காலத்திலேயே அங்குப் பெண்களும் உழைத்தனர். மண் சுமத்தல், கரி அள்ளுதல், கூட்டிப் பெருக்குதல் போன்றவையே அவர்களுக்குக் கிடைத்த பணிகள். அத்தகைய பெண்ணை அவ்வட்டாரத்தார் 'ரேஜா' என்பர். தமிழகத்துக் கட்டடப் பணியிடங்களில் 'சித்தாள்' என்கிறோமே, அதனையொத்த சொல் இது. இருபது ஆண்டுகள் சுமந்தாலும் சித்தாள் பெரும்பாலும் சித்தாளாகவே இருக்கிறார், கொத்தனார் ஆவதில்லை. திறன் இல்லாமை அன்று, கற்பிப்பார் இல்லாமையே அதற்குக் காரணம்.

குறைந்தபட்சக் கூலியை வரையறுக்கும் அரசு ஆணைகள் தொழிலாளரைத் திறன் பெறாதோர், ஓரளவு திறன் பெற்றோர், திறன் பெற்றோர் எனப் பிரிக்கின்றன. ஒரு படி ஏறினால் கூலியும் ஏறும்.

2000ஆம் ஆண்டிற்குப் பிந்தைய முதற் பத்தாண்டில் அவ்வாலை 'தேஜஸ்வினி' என்னும் திட்டத்தை நடத்தியது. 'ஒளி மிக்கவள்' என்பது அதன் பொருள். கூட்டிப் பெருக்கியும் சுமை சுமந்தும் வந்த பெண்கள் கனரக வாகனம் ஓட்டவும், கிரேன் இயக்கவும், பற்றவைப்புச் செய்யவும் பயிற்றுவிக்கப்பட்டனர்.

கிரேன் இயக்குவது எளிதன்று. ஆலைக் கூரையின் கீழ், இரு பக்கமும் உயரத்தில் பதித்த தண்டவாளங்களின்மேல் அது ஓடுகிறது. இயக்குபவர் அதனடியில் தொங்கும் சிறு அறையில் அமர்ந்திருப்பார். இரைச்சலில் பேச்சுக் கேளாது. தரையில் நிற்பவரின் கைச்சைகையே மொழி. கம்பிவடத்தில் தொங்கும் எஃகுப் பாளம், கிரேன் நின்ற பின்னும் முன்னோக்கி ஊசலாடும். புதியவர் அஞ்சிக் கிரேனைப் பின்னுக்கு இழுப்பார். ஊசல் இன்னும் பெருகும். பாளம் செல்லும் திசையிலேயே கிரேனைச் சற்று நகர்த்தி, கொக்கியைப் பாளத்திற்கு நேர்மேலே கொண்டுவந்தால் ஆட்டம் அடங்கும். ஒரு நூலில் சிறு கல்லைக் கட்டி நீங்களும் சோதித்துப் பாருங்கள்! இதற்குத் தேவை தோள்வலிமை அன்று, கண்ணளவும் பொறுமையுமே. முதலில் வெறுங்கொக்கி, பின்னர் இலேசான சுமை, அதன் பின்னரே பாளம் என்பது பயிற்சியின் முறை.

ஆயினும் பயிற்சி மட்டும் போதவில்லை. எஃகு உலை இரவிலும் அணைவதில்லை. ஆலையில் மூன்று ஷிப்டுகளும் பணி நடக்கும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமோ காலை 6 மணி முதல் இரவு 7 மணி வரையே பெண்கள் பணிபுரியலாம் என்றது. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டமும் அவ்வாறே வரையறுத்தது. பெண்களைக் காக்கவே இவ்விதி எழுந்தது. எனினும் கற்ற தொழிலை முழுமையாகச் செய்ய இதுவே தடையாயிற்று.

2019ஆம் ஆண்டில் மத்திய அரசு சுரங்கங்களுக்கான தடையைத் தளர்த்தியது. அப்பெண்ணின் எழுத்து மூலமான ஒப்புதல் வேண்டும். இரவுப் பணியில் குறைந்தது மூவர் சேர்ந்து இருத்தல் வேண்டும் என்றும் விதித்தது. ஒப்புதல் கேட்டது மிக நன்று. அதன்பின், ஜாம்ஷெட்பூர் ஆலைக்கு இரும்புத்தாது வழங்கும் நோவாமுண்டிச் சுரங்கத்தில் பெண்கள் இரவு ஷிப்டிலும் பணியேற்றனர்.