கரையோரக் கமமும் இயற்கை இடர்களும்

ஏறாவூர்க் கமக்காரர்களே!

ஒரு புறம் வங்கக் கடல். மறு புறம் மட்டக்களப்பு வாவி. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தாழ்ந்த நிலத்திலேயே நமது வீடுகளும் கிணறுகளும் தோட்டங்களும் நெருங்கி அமைந்துள்ளன. இத்தகைய இடத்தில் ஒருவர் நிலத்திற்கு நேரும் கேடு அயலாரையும் சாரும். ஆதலின், இடர் வருமுன் நிலத்தின் இயல்பை அறிதல் இன்றியமையாதது.

இடர்கள் மூன்று

முதலாவது காற்று. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு வீசிய சூறாவளி, மாவட்டத்தின் தென்னைகளிற் பெரும்பகுதியைச் சாய்த்தது. இரண்டாவது வெள்ளம். 2011 ஜனவரியிற் பெய்த பெருமழை, பெரும்போக நெல்லை அறுவடைக்கு முன்னரே மூழ்கடித்தது. மூன்றாவது கடல். 2004 டிசம்பர் 26ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலை உயிர்களைக் கொண்டதுடன், கரையோரக் கிணறுகளையும் உவராக்கிச் சென்றது.

நிலத்தை மதிப்பிடுதல்

முந்திய வெள்ளங்கள் எவ்வளவு உயரத்திற்கு ஏறின என்பதை மூத்தோரிடம் கேட்டறிந்து, வீட்டுச் சுவரிலும் கிணற்றுக் கட்டிலும் அடையாளமிடுக. விதைநெல், பசளை, நீரிறைக்கும் இயந்திரம் ஆகியவற்றை அவ்வடையாளத்திற்கு மேலேயே வைத்தல் வேண்டும். நீர் வடியும் வழிகளைக் கண்டு, ஒக்டோபர் மாதத்திற்கு முன் வாய்க்கால்களைத் துப்புரவு செய்க. வடிகாலை மறித்து மதிலோ வேலியோ அமைத்தலாகாது.

கிணற்றைக் காத்தல்

மணற்றரையின் கீழ், நன்னீரானது உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்திற்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அம்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும். மிகுதியாக இறைத்து மேல்மட்டத்தைத் தாழ்த்தினால், கீழுள்ள உவர்நீர் மேலெழும். ஆகவே சிறிது சிறிதாக இறைக்க. கடல்நீர் புகுந்த கிணற்றைக் குப்பை நீக்கித் துப்புரவு செய்தபின், மீண்டும் மீண்டும் இறைத்து வற்றச் செய்தல் தவறு. மாரி மழையே அதனைத் திருத்தும்.

சந்தேகமாயின், தூய போத்தலில் நீரெடுத்து விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுக. வெங்காயம், மிளகாய், போஞ்சி என்பன உவரைச் சிறிதளவே தாங்கும். பீற்றூட் அவற்றினும் கூடுதலாகத் தாங்கும். உவரேறிய வயலில் மழைநீரைத் தேக்கி வடித்து உப்பைக் கழுவியபின், உவர் தாங்கும் நெல்லினத்தை விதைத்தல் நன்று.

கரையைக் காத்தல்

மணல்மேடு கடலுக்கு இயற்கை அணையாகும். அதனைப் பிணித்து நிற்பவை அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் தாழையுமே. இவற்றை அழித்து மணலள்ளினால், அலை அவ்வழியே உட்புகும். வாவியோரக் கண்டல் மரங்களையும் வெட்டாதிருத்தல் வேண்டும். வாவியின் முகத்துவாரத்தைத் தனிப்பட்டோர் வெட்டலாகாது. காலமறியாது வெட்டினால் உவர்நீர் உள்ளே வரும். அதனை உரிய அதிகாரிகளின் தீர்மானத்திற்கு விடுக.

பயிரைக் காத்தல்

தென்னங்கன்றை 3 அடி நீள, அகல, ஆழமுள்ள குழியில் நடுக. வீட்டின்மேற் சாய்ந்துள்ள முதிர்ந்த மரங்களை மாரிக்கு முன் அகற்றுக. வாழைக்கு முட்டுக் கொடுக்க. நெற்பயிருக்குக் காப்புறுதி பெறும் முறையைக் கமநல சேவை நிலையத்தில் விசாரித்தறிக.

எச்சரிக்கை கிடைத்தால், பயிரையும் கால்நடையையும் எண்ணித் தாமதியாது குடும்பத்துடன் பாதுகாப்பான இடத்திற்குச் செல்க. கடற்கரையில் நிற்கையில் நிலம் கடுமையாக அதிர்ந்தாலும், கடல் திடீரெனப் பின்வாங்கினாலும், அறிவித்தலுக்குக் காத்திராது உடனே அகல்க. இடர் முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி இலக்கம் 117.

“அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு” என்பது நம்மவர் பழமொழி. ஒருவர் காக்கும் மேட்டை மற்றவர் உடைப்பின் பயனில்லை. இம்மாரி வருமுன் அயலாருடன் கூடி ஆவன செய்க.